டின்னுக்குள் மூன்று

பால்தொமேரோ இறக்கிவைத்த எஞ்சின்
டிஹுவானாவில் நொறுங்கிய ஏதோவொரு காரின் வயிற்றிலிருந்தது.
எட்டு சிலிண்டர். முந்நூற்று அறுபது குதிரை.
அவன் பிக்கப்பில் இருந்தவை நூற்றுப்பத்து,
அதிலும் பாதி நொண்டி.

"மாட்டு, நெரெய்தா.
சேற்றுமணலில் படகு இழுக்க வேண்டும்.
வற்றத்தில் கடல் ஒரு கிலோமீட்டர் உள்ளே போய்விடுகிறது.
திரும்பி வரும்போது
எங்களைக் கேட்டுக்கொண்டா வருகிறது?"

மாட்டினேன்.
முதல் உறுமலுக்கு
எதிரே இறால் கிடங்குக்காரி ஜன்னலை அறைந்து சாத்தினாள்.
சான் ஃபெலிப்பேயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஒன்பதாம் நாள் கிளட்ச் கருகியது.
தடித்ததாகப் போட்டேன்.
அது பிடித்த பிடியில்
மூன்றாம் கியரின் பற்கள் உதிர்ந்து
எண்ணெயில் சோளமணியாய்க் கிடந்தன.
லாரியின் கியர்பாக்ஸ் வந்தது.

நான் சொல்லிப் பார்த்தேன்:
பலம் வந்த வீட்டில் தங்காது.
அடுத்த கதவைத் தட்டும்,
திறந்தால் அதற்கடுத்தது,
கடைசியில் சக்கரம்வரை போய்த்தான் மணலைத் தொடும்.
வழியில் எந்தக் கதவுக்கு நோஞ்சான் கீலோ
அங்கே அது விருந்தாளி இல்லை.

அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்,
குதிரைகளை.

மார்ச் மாதம், முழுநிலவின் மறுநாள்.
பின்னால் படகு, படகில் இரண்டு டன் மீன்,
கீழ் கியர், மிதித்த கால்.
டிஃபரன்ஷியல் வெடித்தது.
மூடியைப் பிய்த்துக்கொண்டு ஒரு பல்
எங்கேயோ போய் விழுந்தது, இன்னும் கிடைக்கவில்லை.

ஏற்றம் வந்தது.
படகு மிதந்தது, தனக்குத் தெரிந்ததை அது செய்தது.
முந்நூற்று அறுபது குதிரையும்
கண்ணாடிவரை உப்புநீரில் நின்றன.
மறு வற்றத்தில் இழுத்து வந்தவை
எசிக்கியோவின் இரண்டு கிழட்டு வண்டிகள்,
நாலு சிலிண்டர், துருப்பிடித்த கதவு,
எதையும் அவசரமாகச் செய்யத் தெரியாதவை.

எஞ்சினைப் பிரித்து உப்பு கழுவ ஆறு வாரம்.
வந்து நின்றான்:
"எல்லாவற்றையும் முறியாததாகப் போடு."

பெரிய லாரியின் பின் அச்சு போட்டேன்.
தடித்த ஷாஃப்ட். அது அறுந்தால் மணலில் குத்தாதிருக்க
அடியில் ஓர் இரும்பு வளையம்.
கிராஸ் ஜாயிண்டுக்கு வந்தபோது
பழைய அளவையே எடுத்தேன்.
உள்ளங்கையில் அடங்கும் கூட்டல் குறி,
நானூறு பெசோ.

"இது தாங்காதே!"

தாங்கக் கூடாது.
ஏதோவொன்று முறியத்தான் போகிறது, பால்தொமேரோ.
எது என்பதையாவது
நாம் முடிவு செய்வோமே.

காப்பி டின்னில் மூன்று ஜாயிண்ட்,
பிளையர், சுத்தியல், ஒரு பழைய சாக்கெட்.
சீட்டுக்கடியில் செருகினேன்.
அவன் முகம்
ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல இருந்தது.

மே மாதக் கடைசியில் அறுந்தது.
ஈரத்தில் மல்லாந்து கிடந்து மாற்றினானாம்,
பதினெட்டு நிமிடம்,
குதிகாலை அலை நக்க நக்க.
இங்கே வந்து
முறிந்ததை என் மேசையில் வைத்தான்.
ஒன்றும் பேசவில்லை.
இன்னொன்றுக்குப் பணம் எண்ணி வைத்துவிட்டுப் போனான்.

நேற்று மறுபடி வந்தான்.
கிரீஸ் வாங்கினான், பெட்டிக்கருகே கொஞ்சநேரம் நின்றான்.

"நெரெய்தா,
டர்போ என்ன விலை இருக்கும்?"