கதவு எண்

கடுக்காயும் கருப்பட்டியும்
பதினைந்து நாள் ஊறிய நாற்றத்தில்
எழும்பியது நகர மண்டபம்.
யானைமலைப் பக்கம் உடைத்த கல்,
வைகை மணல், ரங்கூன் தேக்கு.
வரைபடம் மட்டும் சென்னையிலிருந்து தபாலில்.
அது மழையில் நனைந்ததால்தான்
வடக்கே ஒரு வளைவு கூடிப்போனதென்று
கொத்தனார் வீரணன் கடைசிவரை சாதித்தார்.
எண்ணிப் பாருங்கள்,
தெற்கே ஆறு, வடக்கே ஏழு.

திறப்பு நாளில் குலைவாழை, பேண்டு வாத்தியம்.
கலெக்டரின் குதிரை
புதுச்சுண்ணாம்பு வாடைக்கு முரண்டு பிடித்தது.
மறுநாள் விடியும்முன் மேசைகள் வந்துவிட்டன.
துரைமார் நடனமாட வரைந்த கூடத்தில் வீட்டுவரி,
மாடிப்படிக்கு அடியில் அம்மை குத்துகிறவர்,
தொப்பி மாட்டும் அறையில்
படிக்கற்களுக்கு முத்திரை.
முட்டை வெள்ளை தேய்த்து மெருகேற்றிய சுவரில்
நாலே மாதத்தில்
பேனா உதறிய நீலப் பொட்டுகள்.

ஊர்க் கதவுகளுக்கெல்லாம்
எண் அடித்தது இங்கிருந்துதான்.
தகரத்துக்குக் காசில்லை,
ஆணிக்குக் காலணா.

ஐப்பசி அடைமழையில் ஒச்சாயி வந்தாள்,
இடுப்பில் ஒன்றரை வயசுப் பிள்ளை.
பிறப்பு எழுதணும்.
தாமத அபராதம் இரண்டணா, என்றார்
கணக்கர் சவரிராயன்.
முந்தி முடிச்சை அவிழ்த்து வைத்தாள்.
தெரு?
இதே தெருதாங்க.
கதவு எண்?

அவள் திரும்பி
மூன்றாவது தூணைக் காட்டினாள்.
“அப்ப இதுக்குக் கதவு ஏது?
நெஞ்சு மட்டந்தான் எந்திரிச்சிருந்துச்சு.
சாந்துச் சட்டிய எறக்கி வச்சேன், வலி கண்டிருச்சு.
சாக்க விரிச்சு மறைச்சாளுக நாலு பேரு.
அரை நாள் கூலியப் பிடிச்சுக்கிட்டாக.”

மைக்கூட்டுக்குள் போன பேனா
வெகுநேரம் வெளியே வரவில்லை.
சவரிராயன் எண் பட்டியலைப் புரட்டினார்.
சத்திரத்துக்கு உண்டு, சாராயக்கடைக்கு உண்டு,
வண்டிமாட்டுக் கொட்டடிக்கும் உண்டு.
ஊருக்கே எண் போட்ட மண்டபம்
தன்னை விட்டுவிட்டிருந்தது.

ஆவண அறையில் எனக்கு வேலை
பூச்சிமருந்து அடிப்பது.
கரையான் மிச்சம் வைத்த பக்கத்தில்
அந்த வரி இருக்கிறது.
பிறந்த இடம் என்ற கட்டத்துக்குள் அடங்காமல்
ஓரத்துக்கு வழிந்த கையெழுத்து:
மூன்றாம் தூண், கீழ்ப்புறம், கூரை இல்லை.

பக்கத்துக் கட்டத்தில்
அபராதம் இரண்டணா என்று எழுதி,
அடித்து,
அடித்ததற்கு மேலேயே
மறுபடியும் இரண்டணா.