காற்று அட்டவணை

மின்விசிறியை நிறுத்தாமல் இந்த ஆட்டம் ஆட முடியாது.
காகிதத் தீவு, மட்டைச் சிப்பாய்கள்,
ஒவ்வொருவனும் ஒரு நகத்தளவு.
சித்திரை வெக்கையில் கொக்குவில் அறை வேகுது.
ஜன்னலையும் சாத்திவிட்டு
பெனியனோடு நானும் பெனடிற்றும்.
நாற்பத்திரண்டாம் ஆண்டு மால்ட்டாவில்
ஜேர்மன்காரன் வானத்தால் இறங்கியிருந்தால்
என்ன நடந்திருக்கும் என்று பார்க்கிறோம்.

இறங்கவில்லை. அது இருவருக்கும் தெரியும்.
அதனால்தான் இவ்வளவு நிம்மதியாக வேர்க்கிறது.

பெட்டி ஸ்காபரோவிலிருந்து வந்தது,
அவன் மச்சான் அனுப்பிய சொக்லேற்றுக்கும்
கோடாலித் தைலத்துக்கும் நடுவில்.
இரண்டு கிளைடர்கள் வழியில் தொலைந்துபோயின.
பதிலுக்குச் சோடா மூடிகள்.

பெனடிற் கண்ணிவெடி அகற்றுகிறவன்.
முகமாலையில் பகல் முழுக்க முழங்காலில் நின்று
ஒரு மீற்றர் நிலத்தை நூல்கட்டித் தேடுவான்.
இரவில் அறுகோணம் அறுகோணமாக
ஒரு தீவைப் பிடிக்க வருகிறான்.
அதே பொறுமை. அதே நகம் கடிப்பு.

விதிப்புத்தகம் சொல்கிறது:
குடையில் வருபவன் வெட்டவெளியில் விழுந்தால் நல்லது.
கல்வேலி என்றால் ஒன்று கழி.
கடல் என்றால் எடுத்துப் பெட்டிக்குள் போடு.
ஊர் என்றால் காக்கிறவனுக்கு ஒன்று கூட்டு.

‘ஊர் எண்டால் அவ்வளவுதானோ?’
‘கூட்டல் ஒண்டு. கோயிலடிக்கு
ரெண்டு குடுத்திருக்கலாம்,’ என்றான்,
தாயக்கட்டையை உள்ளங்கையில் குலுக்கியபடி.

சுண்ணாம்புக் கல். ஆறு கிடையாது. கிணறுகள்.
முழங்கை முட்டும் சின்னச் சின்னக் காணிகள்,
ஒவ்வொன்றுக்கும் கல் அடுக்கிய வேலி.
நெடுந்தீவில் பிறந்தவனுக்கு
இந்த வரைபடத்துக்குக் குறிவிளக்கம் தேவையில்லை.
எந்த மதிலுக்குப் பின்னால் படுக்கலாம் என்று
கை தானாகவே போகிறது.

எனக்குப் பிடித்தது முறை என்கிற ஏற்பாடு.
அவன் அடித்து முடிந்ததும் நான் தேத்தண்ணி குடிக்கலாம்.
கால் மணித்தியாலம் யோசிக்கலாம்.
கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி வரலாம்.
என் காலாட்கள் அதே கல்லுக்குப் பின்னால்
அப்படியே இருப்பார்கள்.
‘உன்ர முறை’ என்று எதிரி சொல்லுவான்,
மரியாதையாக.

எட்டாவது முறையில் கரண்ட் போனது.
மண்ணெண்ணெய் லாம்பைக் கொளுத்தினோம்.
இருட்டில் சுவரைத் தடவியபோது யாரோ,
நானாகத்தான் இருக்கும்,
விசிறிச் சுவிட்சையும் தட்டியிருக்க வேண்டும்.

பெனடிற் ஒரு முழு றெஜிமென்ற்றை
விமானத் திடலின்மேல் கொட்டினான்.
கட்டையை உருட்டிக் கையெடுக்கவில்லை,
தலைக்கு மேலே ஒரு முனகல்.
பிறகு இரைச்சல்.
மெல்லக் கூடி, வட்டமடித்து, இன்னும் கூடி.

இரண்டு பேரும் மேலே பார்த்தோம்.
பலகையை இல்லை.
அவன் தலை மேசைக்குக் கீழே போய்விட்டது.
என் கை அவன் பிடரியில் இருந்தது,
இன்னும் கீழே அமுக்கிக்கொண்டு.

கரண்ட் வந்திருந்தது.

தீவு சுருண்டு கதிரைக்குப் பின்னால் கிடந்தது.
பத்தொன்பது பேர் தரையில்,
நாலு பேர் என் செருப்பில்,
ஒருவன் லாம்புச் சிமினிக்குள் விழுந்து
ஓரம் கருகியிருந்தான்.

‘இதுவும் காற்று அட்டவணைதான்,’ என்றான் பெனடிற்,
கையூன்றி எழும்பி.
‘ஆறு விழுந்தது எண்டு வை.’
செம்பில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தான்.
விசிறியை ஒருவரும் நிறுத்தவில்லை.
பொறுக்கி, எண்ணி, பெட்டியை மூடினோம்.
ஒன்று குறைந்தது.

மூன்றாம் நாள் கௌசலா வீடு கூட்டினாள்.
பிறிஜ்ஜுக்கு அடியிலிருந்து, எறும்போடு,
உள்ளங்கையில் ஏந்தி வந்தாள்:

‘இது உங்கட ஆளோ, அவையின்ர ஆளோ?’

சாம்பல் பச்சை. சின்னக் குடை.
பலம் ஐந்து, நகர்வு நாலு.

‘தெரியாது’ என்றேன்,
அவள் கேட்டு முடிக்க முதலே.