நாலாவது தடவை

பியூட் நகரம், மொன்டானா. பிப்ரவரி.
ஜாமீனில் வந்த மறுநாள்
பனி அள்ளும் வண்டியின் சாவியை
கவுண்ட்டி அலுவலகம் திருப்பி வாங்கிக்கொண்டது.
வேலையில்லாத கைகளோடு வக்கீல் தேடிப் போனேன்.

முதல் ஆள், நெடுஞ்சாலைப் பலகையில் சிரிப்பவர்.
நேரில் அவ்வளவு பல் இல்லை.
என் பெயரைக் கேட்குமுன்
கார்டு தேய்க்கும் இயந்திரத்தை என் பக்கம் திருப்பினார்.
"உன்னை வெளியே எடுப்பது என் பொறுப்பு" என்றார்.
நான் ஏற்கெனவே வெளியேதான் இருந்தேன்.

அடுத்தவர் பணிமனையில் ஒருவன் சொன்ன ஆள்.
நல்லவர். நிலப் பத்திரம் பார்ப்பவர்.
குற்ற வழக்கில் நின்று ஒன்பது வருஷம் ஆச்சாம்.
காப்பி கொடுத்தார், காசு வாங்கவில்லை.
"பல்வலிக்குத் தச்சனிடம் வந்திருக்கிறாய்" என்று
பழைய உறையின் பின்பக்கம் எழுதித் தந்த பெயர்:
ஓர்லா ஹாரிங்டன்.

இரண்டாம் மாடி.
கீழே வாக்குவம் கிளீனர் ரிப்பேர்க் கடை.
அவர் பேசும்போதெல்லாம் தரைக்கடியில் ஏதோ ஒன்று
உறுமி, இருமி, நின்றது.

"ஜெயிப்பேனா?"
"தெரியாது. எதிர்த்தரப்பு ஃபைலை இன்னும் பார்க்கவில்லை."
அந்தத் தெரியாதுக்காகத்தான்
அப்பா விட்டுப்போன லாரியை விற்றேன்.

"போலீஸிடம் என்ன சொன்னாய்?"
எல்லாம் சொன்னேன் என்றேன்.
கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.
கொஞ்ச நேரம்
கீழே இருந்த மெஷின்தான் பேசிக்கொண்டிருந்தது.
"இனி யாரிடமும் வாயைத் திறக்காதே.
உன் தங்கையிடம்கூட. முக்கியமாகத் தங்கையிடம்."
அடிபட்டுக் கிடந்தவன் லேனாவின் புருஷன், டார்பி.

என்னை நம்புகிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன்.
"அதற்கு உன் அம்மா இருக்கிறாள்.
எனக்கு வேண்டியது அந்த பார்க்கிங் லாட்."
இரவு பதினொன்று நாற்பதுக்கு, உறையும் குளிரில்,
அளவுநாடாவின் ஒரு முனையை நான் பிடிக்க
மறுமுனையோடு இருட்டுக்குள் நடந்தார்.
அணைந்த விளக்குக் கம்பம். குப்பைத் தொட்டி.
பத்தொன்பது அடி.
கையுறையைப் பல்லால் கழற்றிக் குறித்துக்கொண்டார்.

மார்ச் கடைசியில் மஞ்சள் நோட்டைத் திறந்தார்.
"நாலு தடவை சொல்லியிருக்கிறாய்.
மூன்றில், டார்பியின் கை பாக்கெட்டுக்குள் போகிறது.
நாலாவதில், அவன் குனிந்து
ஷூ லேஸ் கட்டுகிறான்.
எதை நான் கிழிக்கட்டும்?"

அன்று பார்த்துக் கீழே கடை மூடியிருந்தது.

மூன்று பெரிது, ஒன்று சிறிது;
கணக்கு எனக்கும் தெரியும்.
ஆனால் அந்த லேஸ் சிவப்பு.
பாக்கெட்டுக்குள் இல்லாத கத்திக்கு
நிறம் வைக்க மறந்திருந்தேன்.

"மூன்றையும்" என்றேன்.

அவர் மெச்சவில்லை, திட்டவுமில்லை.
"நாற்காலியை இழுத்துப் போடு.
அலமாரியில் பிஸ்கட் இருக்கிறது. நேரமாகும்."

ஏப்ரலில் அரசு வக்கீலிடமிருந்து ஒரு தாள்.
எட்டு மாதம், ஆஸ்பத்திரிச் செலவு.
ஒப்புக்கொண்டால் என்ன, வழக்கை நடத்தினால் என்ன,
கோடு போட்டு இருபுறமும் எழுதிக் காட்டினார்.
வலப்புறம் நிறையக் கேள்விக்குறிகள்.
"நீங்களாக இருந்தால்?"
"கருத்து கேள், சொல்கிறேன்.
கையெழுத்து உன்னுடையது."
மூன்று நாள் அந்தத் தாள் என் குளிர்பெட்டிக் கதவில் தொங்கியது.

நீதிமன்றத்தில் என் சம்பளத்தை,
அந்தக் கம்பத்தின் இருட்டை,
முன்பு யாரையும் நான் அடித்ததில்லை என்பதை
எல்லாம் அவரே பேசினார்.
அப்பாவின் லாரி மொத்தமும் பேசித் தீர்ந்தது.

பிறகு நீதிபதி என் பக்கம் திரும்பிக் கேட்டார்.
ஓர்லா அரையடி தள்ளி நின்றார்.
காசு கொடுத்து அமர்த்திய வாய்
அதற்கு ஆகாது.

ஒரே சொல்.
பின்வரிசையில் லேனா. அவளருகே டார்பி,
இடது காது இனிக் கேட்காததால்
வலது காதை முன்னுக்குத் திருப்பியபடி.

அவனுக்கும் கேட்கும்படி
சத்தமாகவே சொன்னேன்.