மெச்சூர், ரைப்

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில்
ஜூன் மாதம் என்றால்
மூன்று ஷிப்ட், ஓயாத ஈ.
வந்து நிற்கும் தோத்தாபுரி லாரி ஒவ்வொன்றுக்கும்
நான் ஒரு தாள் நிரப்ப வேண்டும்:
மெச்சூர் இத்தனை சதம், ரைப் இத்தனை சதம்.

சேர்ந்த வாரம் இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டேன்.
டிக்‌ஷனரியில் இரண்டும் ஒரே சுவர் வீடுகள்.
லேப் மாதேஷ் சிரிக்கவில்லை.
ஒரு காயைப் பிளந்தார்,
கத்தி கொட்டையில் முட்டி நின்றது. சதை கல்.
"இது மெச்சூர். இன்னும் ரைப் ஆகல."
இன்னொன்று.
தோல் நல்ல மஞ்சள், அமுக்கிய இடம் குழிந்தது,
கொட்டை வெள்ளையாய், நகம் இறங்கும்படி.
"இது ரைப் மாதிரி இருக்கும். மெச்சூரே ஆகல."
வெம்பல், என்றேன்.
"அதுக்குக் காலம் கிடையாது.
இம்மெச்சூர்ல போடுங்க."

அதற்குப் பிறகு என் தாள் தப்பியதில்லை.

போன செவ்வாய்
தரம் பிரிக்கும் பெல்ட்டில் கோகிலவாணி இல்லை.
ஆதாரில் பதினெட்டு.
கையுறை முழங்கை வரை ஏறி நிற்கும் அவளுக்கு.
டீ பிரேக்கில் பழைய எடைச்சீட்டின் பின்புறம்
புள்ளி வைத்துக் கட்டம் பிடித்து விளையாடுவாள்,
தோற்றால் சீட்டைக் கிழிப்பாள்.

அவள் அம்மா பத்திரிகையோடு வந்தாள்.
"மெச்சூராயி ரெண்டு வருசமாச்சுங்க மேடம்,
இன்னும் எத்தினி நாளைக்கு வச்சிக்கினு இருக்கிறது?"
சந்தூர் ரோட்டில் அப்போது ஃப்ளெக்ஸ்கூட கட்டியிருந்தார்கள்,
நீராட்டு விழா,
அழைப்பவர் வரிசையில் பதினோரு மாமன்கள்.
மாங்காய்க்கு மட்டும்தான் இங்கே
அந்த வார்த்தையை வெட்டிப் பார்க்கிறோம்.

மேனேஜரிடம் போனேன்.
"ஃபேமிலி மேட்டர். டோன்ட் பி இம்மெச்சூர்" என்றார்,
லோடு விவரத்திலிருந்து தலை தூக்காமல்.
எனக்கு முப்பத்தி நாலு.
திரும்பி வரும்போது
அவர் என்னை எந்தக் காலத்தில் போட்டார் என்று
யோசித்துக்கொண்டே வந்தேன்.

பாய்லர் அறைக்குப் பின்னால்தான் சிக்னல் கிடைக்கும்.
பத்து ஒன்பது எட்டு.
எடுத்த பெண் ஊர் கேட்டாள், பெயர் கேட்டாள்,
கல்யாணத் தேதி கேட்டாள்.
வயது?
ஆதாரில் உள்ளதா, உள்ளபடியா, என்றேன்.
கொஞ்சம் நிறுத்தி,
"உள்ளபடி சொல்லுங்க."
பதினாலு.
பேனா ஓடும் சத்தம் கேட்டது.
இந்தப் பக்கம் அடுத்த லாரி
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.