கூடம் கோணல்

நீலத் திரையில் ஒரு பெயர் வரும்,
எப்போதும் அதே பெயர்: டிஸ்ப்ளே டிரைவர்.
காட் மீனை நிறுத்து லேபிள் ஒட்டும் கணினி
அகுரேரித் துறைமுகத்தில்
காலை பத்தரைக்கு மேல் செத்துச் செத்து விழும்.
பெல்ட் நிற்கும்.
தலை போன மீன்கள் வரிசையில் காத்திருக்கும்.

"டிரைவர்தான்" என்றார் ஓட்கெயிர்.
"டிரைவர்தான்" என்றாள் ஹால்பெரா.
திரையே சொல்கிறதே.
பழையதை நீக்கிப் புதியதைப் போட்டாள்,
புதியதை நீக்கி அதற்கும் பழையதைப் போட்டாள்.
பதினொரு முறை.
பிறகு, ஜனவரியின் நான்கு மணி இருட்டில்,
அதை எழுதிய கம்பெனிக்குக் காரமாய் ஒரு கடிதம்.
தைவானின் ஷின்சூவிலிருந்து போ-லின் என்றொருவர்
பதில் போட்டார்:
"மூன்று வாரமாய் முயல்கிறேன்.
இங்கே ஒருமுறையும் விழவில்லை. மன்னிக்கவும்."
அந்த மன்னிக்கவும் என்பதை
ஒப்புதல் வாக்குமூலமாகவே படித்தாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
சிரிக்கிறோம்.
கூடத்தை யாராவது அளந்து பார்த்ததாக
அந்தக் கதையில் இல்லை.

ஒரு வெள்ளி இரவு அளந்தாள்,
நம்பிக்கையால் அல்ல, வேறு வழி தீர்ந்துபோய்.
நினைவகத்தின் ஒவ்வொரு அறையிலும்
பூஜ்யம் எழுதிப் பூஜ்யம் படித்து,
ஒன்று எழுதி ஒன்று படித்து
நடந்தது சோதனை.
முதல் சுற்று சுத்தம். இரண்டாவதும்.
ஹீட்டரை அருகே இழுத்து வைத்தாள்,
பகல் என்று அது நம்பட்டும்.
ஆறாம் சுற்றில், மூன்று நாற்பதுக்கு,
ஒரு சிவப்பு வரி.

கோடானுகோடி அறைகளில் ஓர் அறை.
சூடேறிவிட்டால்
கொடுத்த பூஜ்யத்தை ஒன்று என்று திருப்பித் தரும்.
அவ்வளவுதான்.
தரை இடிந்தபோது மேலே நின்றவன் டிரைவர்.
நின்றவன் பெயரை நீலத்தில் எழுதினார்கள்;
தரைக்குப் பெயர் இல்லை.

உள்ளங்கை நீளப் பச்சைப் பலகை.
கழற்றிக் கோட்டுப் பையில் போட்டாள்.
இன்னும் அங்கே சாவியோடு உரசுகிறது.

ஷின்சூவுக்கு எழுத உட்கார்ந்தாள்.
"நீங்கள் சொன்னது" என்று தொடங்கி அழித்தாள்.
"எங்கள் மெஷின்தான்" என்று தொடங்கி அழித்தாள்.
சிவப்பு வரியை மட்டும் படமெடுத்து அனுப்பினாள்,
கீழே, மன்னிக்கவும்.

திங்கள் பத்தரை. விழவில்லை.
பதினொன்று. மீன் ஓடுகிறது.
பன்னிரண்டுக்கு லேபிள் பிரின்டர் நின்றது.
ஓட்கெயிர் கண்ணாடிக் கதவைத் தட்டினார்:
"டிரைவரா?"
"ஆமாம்" என்றாள் ஹால்பெரா,
"ஸ்க்ரூ டிரைவர். முதலில் அதை எடுங்கள்."