ஆரஞ்சுப் பிடி

பின்னிரவு இரண்டரைக்குத் தொலைபேசி.
"பட்டியலில் அடுத்து உங்கள் பெயர், பெர்னீஸ்.
எண்பத்தொன்றாம் மைல். பெண் மூஸ்.
அரை மணிக்குள் வந்தால் இறைச்சி உங்களுக்கு.
இல்லையென்றால் அடுத்த வீட்டை எழுப்புவேன்."
வருகிறேன் என்றது நானா என் தூக்கமா, தெரியாது.
அலாஸ்காவில் ஜனவரி. மைனஸ் இருபத்தாறு.
பிக்கப்பின் கதவு
இரண்டாம் உதைக்குத்தான் திறந்தது.

இருக்கைக்கு அடியில் மூன்று கத்திகள்.

கல்யாணத்துக்கு மைத்துனன் லைல் கொடுத்தது ஒன்று:
அலகெங்கும் நீரோட்டம்போல் வரி, மான்கொம்புப் பிடி,
நீல வெல்வெட் பெட்டி.
ரத்தம் பட்டால் விலாங்காய் வழுக்கும்.
என் வீட்டுக்காரர் மனம் நோகக்கூடாதே என்று
பதினோரு வருடமாக வண்டியில் சும்மா பயணிக்கிறது.

இன்னொன்று அலகு மாற்றும் கத்தி,
சவர பிளேடுக்கு வால் முளைத்த மாதிரி.
சாணை வேண்டாம், மழுங்கினால் கழற்றி எறி என்றான் கடைக்காரன்.
சோம்பேறிக்கு இதைவிட இனிக்கும் வாக்கு ஏது?

மூன்றாவது, தூண்டில் விற்கிற கடையில்
டப்பாவில் குப்பையாய்க் கிடந்தது.
ஆரஞ்சு ரப்பர் பிடி, நான்கு விரற்கடை அலகு.
பார்த்தால் பிளம்பர் சாமான்.

சாலையோரம் மூஸ்,
யாரோ வீடு மாறும்போது தவறவிட்ட சோபாபோல்.
காரின் முகம் உள்ளே போயிருந்தது.
பக்கத்தில் ஒருத்தி: கணுக்கால்வரை பாவாடை, பனிப் பூட்ஸ்.
உல்யானா. நிக்கோலயேவ்ஸ்கில் பிறந்தவள்,
சொல்டாட்னாவில் அடுத்தவர் பற்களைச் சுத்தம் செய்பவள்.
"பிரேக் போட்டேன்" என்றாள், நான் எதுவும் கேட்குமுன்.
"தெரியும். தடம் இருக்கிறது."
கொஞ்ச நேரம் கழித்து:
"காலைப் பிடித்துக்கொள்ளட்டுமா?"

அலகு மாற்றும் கத்தியை எடுத்தேன்.
மார்பெலும்புக்குக் கீழே சின்னக் கீறல்,
உள்ளே இரண்டு விரல், நடுவே வானம் பார்த்த கூர்.
குடல் கிழியாமல் தோல் மட்டும் திறந்தது,
பனிக்கட்டியில் சறுக்குவதுபோல்.
ஆவி எழுந்து எங்கள் இருவர் முகத்தையும் மறைத்தது.
இதற்காகவே இந்தக் கத்தி என்று நினைத்தேன்,
நினைத்து முடிக்குமுன்
இடுப்பெலும்பில் டிக்.

கையில் வால் மட்டும்.

யாருடைய பிள்ளை எந்தக் குழம்பில்
அந்தத் துண்டைக் கடிக்கும்?
கையுறையைக் கழற்றினேன்.
முழங்கைவரை வெதுவெதுப்பு. ஈரலின் விளிம்பு,
சிறுநீரகத்தின் கொழுப்பு,
ஒவ்வொரு மடிப்பாக, கண்ணை மூடி,
வலிக்கும் இடம் கிடைக்கட்டும் என்று வேண்டியபடி தேடினேன்.
உல்யானா டார்ச்சை வாயில் கவ்வி
இரண்டு கையாலும் காலை ஏந்தி நின்றாள்.
ருஷ்ய மொழியில் ஏதோ முனகினாள்; ஜெபமோ வசவோ.

இருபது நிமிடம்.
பிறகு அவள்தான் டார்ச்சைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:
"உங்கள் சட்டைக் கையில் மின்னுவது என்ன?"

மடிப்பில் குத்தி நின்றது, சமர்த்தாக.

மிச்சத்தை ஆரஞ்சு செய்தது.
மூட்டுகளில் வழி கேட்டு நுழைந்தது,
எலும்பைத் தொட்டால் முனகியது, முறியவில்லை.
நடுவில் நான்கு முறை சாணைக்கோல்.
ஒரு தடவை மரத்த விரலிலிருந்து நழுவிப் பனிக்குள் போயிற்று.
தீக்கொழுந்துபோல் தெரிந்தது பிடி, எடுத்தேன்.
ஐந்தரைக்கு நான்கு கால்களும் வண்டியில் ஏறின.
முதுகுச் சதையில் ஒரு நீளம் உல்யானாவுக்கு.
வேண்டாம் என்றாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

மார்ச்சில் செய்தி வந்தது:
"என் பெயரையும் பட்டியலில் எழுதிவிட்டேன். எந்தக் கத்தி?"
கூடவே ஒன்பது படங்கள்,
ஒன்பதும் லைலுக்குப் பிடிக்கும் சாதி.
"முதலில் உன் கையைப் படமெடுத்து அனுப்பு" என்றேன்.

ஸ்டியரிங்மேல் விரித்த கை. கட்டைவிரலில் பிளாஸ்திரி.
திரையில் என் கையை வைத்து அளந்தேன்:
ஒரு கணு சிறிது.
ஆரஞ்சில் சின்ன அளவு தீர்ந்துவிட்டதாம்,
பச்சைதான் இருக்கிறதாம். வாங்கட்டுமா?

வாங்கு.
பனியில் பச்சை தெரியும்.
செப்டம்பரில், பாசிமேல், தொலைத்துவிடுவாய்;
சிவப்பு டேப் இரண்டு சுற்று சுற்றிக்கொள்.