ஙா

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மூன்றாம் லைனுக்கு
மெஷின் சரிபார்க்க வந்தவளை
முதல் வாரம் 'சைனாக்காரம்மா' என்றோம்.
ஒருமுறைகூடத் திரும்பவில்லை.
சத்தத்தில் கேட்காது போல.

எட்டாம் நாள் டீ வேளையில்
மீந்த ஆட்டுத்தோல் துண்டில்
சாக்பீஸால் ஒரு நெளிவு இழுத்தாள்.
"இன்னாது, பாம்பா?" பேர்ணாம்பட்டு ரஹமத்.
"வியட்நாம்" என்று தட்டிக் காட்டினாள்.
பேர் ஙா.
ங ஙா ஙி என்று சிலேட்டில் எழுதி
எதற்குமே ஆகாமல் கிடந்த எழுத்துக்கு
முப்பது வருஷம் கழித்து ஆள் வந்தது.

டெஸ்பாட்ச் ரூம் கப்பல் வரைபடத்தில்
தென்சீனக் கடல் மேல் டேப் ஒட்டி
கிழக்குக் கடல் என்று அவள் பாஷையில் எழுதினாள்.
மேனேஜர் பிய்த்தார்.
மறுநாள் வேறு டேப்.

ஏப்ரல் முப்பது ஜெயித்த நாளாமே, ஸ்வீட் எங்கே என்றேன்.
அப்பா வீட்டில் கொடி கட்டுவார்கள்,
அம்மா வீட்டில்
ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள் என்றாள்,
ஊசியில் நூல் கோத்தபடி.
பிறகு ரஹமத்கூட ஒன்றும் கேட்கவில்லை.

ஹைபோங் போய்விட்டாள்.
ஆர்டரும் பாதி அங்கேதான் போகிறதாம்,
ஓவர்டைம் நின்றுவிட்டது.
கோபப்படலாம்தான்.
டேப்பின் ஒரு முனை உரிந்து நிற்கிறது.
டோக்கன் வாங்கப் போகும்போதெல்லாம்
கட்டைவிரலால்
அழுத்திவிட்டு வருகிறேன்.